தங்கச்சி வைத்த நண்டு ஆணம்

பிள்ளைகள்,

மாமியை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீங்கள். சின்னவன்தான் முதலில் கேட்டான். செத்த வீட்டில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த ஒரு மனுசி பக்கத்தில் இருந்தவளிடம், "புருசனைத் திண்டவள், கடைசியில தானும் போயிற்றாள்" என்று சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. "அப்பா, மாமி மெய்யாவே மாமாவைத் திண்டவவா?" என்று கேட்டான். மூத்தவள் அவனைக் கிள்ளினாள். கிள்ளிப்போட்டு அவளும் கேட்டாள். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ஒரு படம் இருக்குதாம். ஏதோ ஒரு தீவில் பெரிய அண்டாவுக்குள் வெள்ளைக்காரன் ஒருவனை இருத்தி, கீழே நெருப்பு மூட்டுகிறார்களாம். அப்படி எங்கட ஊரிலும் நடந்ததா என்று.

எனக்கு அன்றைக்கு வாய் திறக்கவே களைப்பாக இருந்தது. "படுங்க, பிறகு சொல்லுறன்" என்றேன். பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

நான் ஏன் நண்டு தின்னுவதில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கட அம்மா, "அப்பாக்கு வயிற்றுக்கு ஒத்துவராது" என்று சொல்லுவா. அதற்கும் இதற்குள்தான் பதில் இருக்கிறது.

ஆளை ஆள் தின்னுகிற கதை நானும் எவ்வளவோ கேட்டவன். படித்ததில்லை, கேட்டதுதான். ஓடத் துறையில் வேலை செய்கிறவனுக்கு அதற்கு மேல் என்ன படிப்பு. செட்டிபாளையம், தேற்றாத்தீவுப் பக்கத்து ஆட்கள் ஓடத்தில் ஏறினால், பழுகாமத்துக்கும் அங்கால, காட்டுப் பக்கத்தில், தனியாகப் போகிறவனை அவித்துத் தின்னுகிற கூட்டம் இருக்கிறது என்பார்கள். அந்தக் கரையில் ஏறுகிறவர்கள், கடற்கரைக்காரன் கரையில் ஒதுங்குகிற பிணத்தை உப்புப் போட்டுக் காயவைப்பான் என்று மடியில் இருக்கிற பிள்ளையைப் பயம் காட்டுவார்கள். இரண்டு கரை ஆட்களும் ஒரே பலகையில் இருந்து ஒரே வெற்றிலைத் தட்டத்தில் கை வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்லுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் ஒருவர் எங்கட ஊரில் சோறு தின்னப் பயந்தார். மட்டக்களப்பார் சோற்றில் மருந்து வைத்து ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். கொஞ்ச நாள் வாழைப்பழமும் பேக்கரிப் பாணும் தின்றுகொண்டு திரிந்தார். மறுகா இங்கேயே கலியாணம் முடித்தார். நல்லாகக் கொழுத்தார்.

நாங்கள் வேதக்காரர். எங்களுக்கும் ஒரு பகிடி இருந்தது. "ஞாயிற்றுக்கிழமையில சாமியையே தின்னிற ஆக்கள்தானே நீங்க" என்று சைவக்காரப் பொடியன்கள் கேட்பார்கள், நாங்கள் பூசையில் சாமியின் உடல் என்று அப்பம் வாங்கி நன்மை எடுக்கிறதைச் சொல்லி. சின்ன வயதில் அதற்காக அடிபட்டிருக்கிறேன். பெரியவனான பிறகு அடிபடச் சோம்பல். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒரு முறை எங்கட கோயிலில் பூசை வைக்கிற சுவாமி சொன்னார், கப்பல் உடைந்து கடலில் கிடந்து பட்டினியில் செத்த கூட்டாளியைத் தின்ற மாலுமிகளும் இருந்திருக்கிறார்கள், அவர்கள் வெள்ளைக்காரர்தான் என்று. அவர்களை ஒருவரும் அண்டா வைத்துப் படம் கீறவில்லைப் போல. தண்ணிக்கு அங்கால இருக்கிறவனைத்தான் கீறுவார்கள். அந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

இனி மாமி.

அவ என்ர ஒரே தங்கச்சி. மாமா வாவியில் வலை போடுகிறவர். வாவி என்று எழுதுகிறேன், நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். நல்ல மனுசன், கதை குறைவு, பீடி கூட. அந்த வருசம் மாரி மழை விடாமல் பெய்து வயல் எல்லாம் மூழ்கிப்போக, முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிட்டார்கள். வெட்டினால் ஆற்றுத் தண்ணி முழுதும் கடலுக்கு இழுக்கும். அந்த இழுவையில் வலையைக் காப்பாற்றப் போனவர் மாமா. தோணி திரும்பி வந்தது. அவர் வரவில்லை.

தேடித் தேடிக் கடைசியில் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள், வேருக்குள் மாட்டிக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். தூக்கினவர்களில் நானும் ஒருவன். நான் கண்டதை உங்களுக்கு எழுதப் போவதில்லை. நண்டு என்று மட்டும் எழுதினால் காணும். பாயால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுபோனோம். தங்கச்சி பெட்டியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

எங்கட கரையில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. ஆற்றில் ஆள் போனால், பிணம் எடுக்கும்வரை ஒருவரும் ஆற்று மீன் தின்னமாட்டார்கள். எடுத்து அடக்கம் பண்ணின பிறகும் தின்னமாட்டார்கள். செத்தவரின் வீட்டில் எட்டாம் நாள் மீன் ஆணம் வைக்கவேண்டும். ஆணம் என்றால் நீங்கள் இப்போது கறி என்கிறீர்களே, அதுதான். அந்த வீட்டு அடுப்பில் ஆணம் கொதித்து, அந்த வீட்டுக்காரர் தின்ற பிறகுதான் மற்ற வீடுகளில் சட்டி ஏறும். அவர்களே தின்றுவிட்டார்கள், இனி எங்களுக்கு என்ன என்று ஒரு மனச் சமாதானம். ஆர் தொடக்கினார்கள் என்று தெரியாது. சைவக்காரரும் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான்.

எட்டாம் நாள் தங்கச்சி பருப்பும் பூசணிக்காயும்தான் வைத்தாள்.

சரி, பாவம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று சனம் இருந்தது. ஆனால் மாரியில் கடல் கொந்தளிப்பு. கடல் தோணி ஒன்றும் இறங்காது. எங்கட ஆட்களுக்கு அந்த மாதங்களில் ஆறு ஒன்றுதான் சோறு. மீனை அக்கரைக்கு, படுவான்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து நெல்லு மாற்றிக்கொண்டு வருவார்கள். அந்த முறை என்ர ஓடத்தில் போன மீன் அப்படியே என்ர ஓடத்தில் திரும்பி வந்தது. பழுகாமத்துத் துறையில் நடந்த கதையை நான் பக்கத்தில் நின்று கேட்டவன்.

"அந்த வீட்டில ஆணம் வச்சாச்சா?" என்று நெல்லுக்காரர் கேட்டார்.

"இன்னும் இல்ல."

"அப்ப வேணாம், மச்சான்."

"நண்டு வேணாமெண்டா விடுங்க. இது மணலை மீன். வெட்டிப் பாருங்க, வயித்துக்குள்ள ஒண்டுமில்ல."

"மணலையும் அந்தத் தண்ணியிலதானே நிண்டது. ஆணம் வைக்கட்டும், வாங்கிறன். இப்ப வாங்கிக்கொண்டு போனா பொஞ்சாதி என்னையும் சேத்து வெளிய போடுவாள்."

பட்டணத்தில் இருந்து ஐஸ் பெட்டியோடு வருகிற லொறிக்காரனும் அதையேதான் கேட்டான். அவன் எந்த ஊரோ, அவனுக்கும் அந்த வீட்டு ஆணம் வேண்டியிருந்தது. வலைகள் வேலியில் கிடந்து காய்ந்தன. பிள்ளைகளுக்குக் கஞ்சி தண்ணியாகிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் சுவாமியைச் சூழ்ந்துகொண்டது. எங்கட சித்தப்பா ஒருவர், தோணிக்காரர், எந்தச் செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சுவாமி, வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கு. மீன் தின்னலாம். மனிசனைத் திண்ட மீன், அது மீன் கணக்கா, இறைச்சிக் கணக்கா?"

சிரிப்பு வந்தவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். சுவாமிக்கு முகம் சிவந்துவிட்டது. மீன் மீன்தான், தின்னுவதில் பாவம் ஒன்றுமில்லை, வீண் பயத்தை விடுங்கள் என்றார். தங்கச்சி கறுப்புச் சேலையோடு தூணடியில் நின்றாள். அவள் சத்தம் வைக்காமல் சொன்னாள்:

"பாவமில்லையெண்டா நல்லது சுவாமி. இண்டைக்கு மத்தியானம் எங்கட வீட்டுக்கு வாங்க. நான் ஆணம் வைக்கிறன். முதல் வாய் நீங்க தின்னுங்க."

சுவாமி குனிந்து அங்கியைத் தட்டிவிட்டார். மத்தியானம் வேறு ஊரில் ஞானஸ்நானம் இருக்கிறது என்றார். இருந்திருக்கலாம். அவரைப் பிழை சொல்லத் தெரியாது. நானும் தின்னமாட்டேன் தானே.

அதற்குப் பிறகு ஊர் என்னிடம் வந்தது. சித்தப்பாதான் வந்தார், பகிடியை வீட்டில் வைத்துவிட்டு. "நீ ஒரு சொல்லுச் சொன்னாக் கேப்பாள், தம்பி. அவள் ஒரு துண்டை வாயில வச்சாக் காணும். ஊர் பிழைச்சுப்போகும்" என்றார். அவருடைய பேரப்பிள்ளைக்கு வயிறு ஒட்டிக் கிடந்ததை நானும் கண்டவன்தான். என்ன செய்ய. போனேன்.

தங்கச்சி முற்றத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள், உங்கட மச்சாள், அப்போது நடை பழகுகிற பிள்ளை, ஈர மணலைத் தின்றுகொண்டு இருந்தாள். நான் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு மணலிலேயே குந்தினேன். மழை தூறிற்று, விட்டது. அவளே தொடங்கினாள்.

"கேக்கத்தானே அனுப்பினவங்க?"

"ஓம்."

"நான் திண்டா இந்தப் பொம்பிளையள் என்ன சொல்லுவாள்கள் எண்டு தெரியுமா, அண்ணன்?"

"தெரியும்."

"தின்னாட்டி என்ன சொல்லுவாள்கள்?"

"அதுவும் தெரியும்."

அவள் அடுத்த ஈர்க்கை எடுத்து இலையை உருவினாள். பிறகு கேட்டாள், "மீனா, நண்டா?"

இத்தனை நாளும் அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அதுதான். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, "நண்டு" என்றேன்.

"அப்ப நண்டே வாங்கி வா. மீனை வச்சுக் காட்டினா நண்டை ஒருத்தனும் வாங்கமாட்டான். வைக்கிறதெண்டா ஒரே தரமா வச்சு முடிக்கவேணும். ரெண்டு தரம் என்னால ஏலாது."

அடுத்த நாள் அவள் அடுப்பைக் குசினிக்குள் மூட்டவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்து, ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரியக்கூடியதாக மூட்டினாள். நண்டை உடைத்துப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இறக்குகிற நேரத்தில் முருங்கையிலையைத் தூவினாள். அந்த வாசத்துக்கு ஒவ்வொரு வேலியிலும் ஒரு தலை முளைத்தது. பிள்ளைக்குப் பருப்புச் சோறு தீத்திப் படுக்கவைத்துவிட்டு, தனக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டாள். தங்கச்சி தனிய இருந்து தின்னுகிறாளே என்று நானும் ஒரு கோப்பையை எடுக்கப் போனேன்.

"நீ தின்னாத, அண்ணன்" என்றாள். "தூக்கினவன் நீ. கண்ணால கண்டவன். உனக்கு இது வேணாம்."

நான் கோப்பையை வைத்துவிட்டேன்.

அவள் தின்றாள். அரைகுறையாக வாயில் வைத்துத் துப்பவில்லை. அம்மிக் குழவியால் நண்டுக் காலைத் தட்டி உடைத்து, சதையை எடுத்து, சோற்றோடு பிசைந்து, கோப்பை முடியும்வரை தின்றாள். கண்ணில் தண்ணி இல்லை. பிறகு கையைக் கழுவி, வேலிப் பக்கம் திரும்பி, "ஆணம் வச்சாச்சு. போய் வலையைப் போடுங்க" என்றாள்.

அன்று பின்னேரமே தோணிகள் இறங்கின. மறுநாள் துறையில் நெல்லுக்காரர் கேட்டார், ஆம் என்றார்கள், வாங்கினார். கடகம் கடகமாக நண்டு போனது. எங்கட வீட்டிலும் உங்கட அம்மா வைத்தா. ஊர் முழுக்க முருங்கையிலை வாசம். நான் சம்பலோடு தின்றுவிட்டு எழும்பினேன்.

பேர் எப்போது வந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கிணற்றடியில் இருந்து வந்திருக்கவேண்டும். "ஒரு துண்டை வாயில வச்சிருக்கலாம் தானே, இவள் கோப்பையை வழிச்சுத் திண்டாள்" என்று ஒருத்தி. "கால் நகத்தையும் விடாம உறிஞ்சினாள், நான் கண்ணால கண்டன்" என்று இன்னொருத்தி. சொன்னவள்களின் வாயிலும் அந்த நேரம் நண்டு மணந்திருக்கும். புருசனைத் திண்டவள் என்று எங்கட ஆட்கள் எந்தக் கைம்பெண்ணையும் கோபத்தில் சொல்லுவார்கள். காய்ச்சலில் செத்தவனின் பெண்சாதியையும் சொல்லுவார்கள். அது ஒரு வசவு, கோபம் ஆறினால் அதுவும் ஆறிவிடும். தங்கச்சியைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அதனால்தான் அது ஆறவில்லை.

அவள் கடகத்தில் நண்டு வைத்து விற்கப் பார்த்தாள். மற்றவர்களிடம் வாங்கினார்கள், அவள் கையால் வாங்கவில்லை. ஒரே தோணியில் வந்த நண்டு. சரி என்று என்ர ஓடத்தில் ஏறிப் பழுகாமத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கொஞ்ச நாள் வாங்கினார்கள். பிறகு அந்தப் பேரும் அக்கரைக்குப் போனது. அதுவும் என்ர ஓடத்தில் ஏறித்தான் போயிருக்கும். வேறு வழி இல்லையே. ஆருடைய வாயில் இருந்து போனது என்று நான் தேடவில்லை.

கோயிலில் அவள் முழங்காலில் நிற்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் பாய் காலியாக இருக்கும். உங்கட அம்மாவும் கொஞ்ச நாள் ஒதுங்கித்தான் இருந்தா. அதற்காக அவவைக் கோபிக்காதீங்க. பிள்ளை வேணுமென்று காத்திருந்த காலம், பயந்தா. நன்மை எடுக்க எல்லாரும் எழும்பிப் போவார்கள். அவளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் கொஞ்சம் இடம். எல்லாரும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு கைகூப்பித் திரும்பி வருவார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரே ஒரு நாள்தான் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கதைத்தாள். விற்காத கடகத்தோடு அக்கரையில் இருந்து திரும்பி வந்த நாள். ஓடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எல்லாரும்தானே திண்டவங்க, அண்ணன்?"

"ஓம்."

"நான் கொஞ்சம் முந்தித் திண்டன். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அவங்களுக்காகத்தானே திண்டன்?"

நான் தடியை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவள் கடகத்து நண்டுகளின் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தண்ணிக்குள் விட்டாள். கோபத்தில் இல்லை. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் என்ன செய்ய என்றுதான்.

பிறகு பட்டணத்துக்குப் போய்க் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் சமையல் வேலை எடுத்தாள். அங்கே அவள் வைத்ததைச் சிஸ்டர்மார் நல்லாகத் தின்றார்கள். ஊர்ப் பேச்சு அங்கே போகவில்லை, அல்லது போயும் அவர்கள் கேட்கவில்லை. உங்கட மச்சாளை மன்னார்ப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தாள், எங்கட ஊரில் கேட்டு வர ஆள் இல்லாதபடியால். நெஞ்சு வருத்தம் வந்த பிறகு திரும்பி வந்து தன்ர வீட்டிலேயே கிடந்தாள். அந்தக் கடைசிக் காலத்தில்தான் உங்களுக்கு மாமியைத் தெரியும். உங்களுக்கு எள்ளுருண்டை பிடித்துத் தந்தவ. நீங்கள் கையால் வாங்கித் தின்னுகிறதைப் பார்த்துக்கொண்டே இருப்பா. அது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

சின்னவன் கேட்டதற்குப் பதில் இதுதான். மாமி மாமாவைத் திண்டவவா என்றால், அவ தின்றது நண்டு. அது இல்லை, மாமாவைத்தான் தின்றது என்று ஆராவது சொன்னால், அந்தச் சட்டியில் ஊர் முழுதும் கை வைத்தது, பாக்கு வெட்டின அந்த மனுசியும் சேர்த்து என்று அவர்களிடம் சொல்லு. மரியாதையாகச் சொல்லு.

மாமியின் முப்பத்தொன்றாம் நாள் முடிந்து மச்சாளும் மன்னாருக்குப் போன பிறகு, வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். போகிற வழியில் துறையில் ஒரு நண்டு வாங்கினேன். அவளுடைய சட்டியை எடுத்து, முற்றத்தில் அந்த மூன்று கல்லையும் தேடிப் பிடித்து வைத்து மூட்டினேன். வாய்க்கு ருசியாகச் சமைக்க எனக்குத் தெரியாது. தூளும் உப்பும் பாலும் கைக்கு வந்தபடி போட்டேன். முருங்கை மரம் நின்றது. இலை உருவிப் போட்டேன். வேலியில் ஒரு தலையும் இல்லை. மணலில் இருந்து, குழவியால் தட்டி உடைத்து, முழுதும் தின்றேன். பிறகு சட்டியைக் கழுவி வேலிக் கம்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டினேன்.